துண்டுக்குள் இருந்த கை

காளையின் வாயில் விற்பவன் எண்ணெய் தடவியிருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். இடது கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கீழுதட்டை இழுத்துப் பல்லைப் பார்க்க வேண்டும். அன்று உதடு கைக்கு நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போனது. கிழட்டு மாட்டை இளசு என்று தள்ளிவிடப் பார்க்கிறவர்கள் செய்யாத வேலை இல்லை. அந்த ஆளைத் திட்ட வாயைத் திறந்தேன். திட்டு வாய்க்குள்ளேயே குழைந்துபோனது.

நான் மாட்டுத் தரகன். அரூர் பக்கம் எங்கள் ஊர். பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடு சந்தைக்குப் போக ஆரம்பித்தவன், வேறு வேலை தேடவில்லை. இந்தத் தொழிலில் சந்தேகம்தான் முதல். கொம்பைச் சீவி வயதைக் குறைப்பார்கள். கெட்ட சுழி இருந்தால் மயிரைச் சிரைத்துவிடுவார்கள். முதல் நாள் கறக்காமல் விட்டு மடியைப் பெருக்கிக் காட்டுவார்கள். எதையும் நம்பாமல் பழகிய எனக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் நடுவில் வாதம் வந்தது. அதே நோயோடு படுத்திருப்பவர்களுக்கும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் ஏதாவது பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

அன்று கம்பைநல்லூர்ச் சந்தையில் நின்ற இடத்திலேயே வலது கால் மடங்கியது. விழுவதற்குள் என்னைப் பிடித்தவன் மாதையன். அவனும் தரகன்தான். நான் வாங்குகிறவன் பக்கம் நின்றால் அவன் விற்கிறவன் பக்கம் நிற்பான். இருபது வருடமாக அவனும் நானும் ஒருவரை ஒருவர் ஏமாற்றப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தோம். அன்று காலையில் அவன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தான். அதற்கு முன்னால் ஒருநாளும் வாங்கிக் கொடுத்ததில்லை. மாட்டு வண்டியில் வீட்டுக்குக் கொண்டுபோகும்போது என் மனம் அந்த டீயையே சுற்றிச் சுற்றி வந்தது. மருந்து வைத்துவிட்டான் என்று முடிவே செய்துவிட்டேன்.

வீட்டில் சொந்தக்காரர்கள் புறாவை அறுத்து, ரத்தத்தைக் கையிலும் காலிலும் தேய்த்தார்கள். எங்கள் பக்கம் வாதத்துக்கு அதுதான் முதல் வைத்தியம். என் மனைவி காவேரி அதைத் தடுக்கவில்லை. ஆனால் காய்வதற்குள் துடைத்துவிட்டு, வாடகைக் கார் பிடித்துத் தருமபுரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் டாக்டரும் காவேரியும் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி அவர்கள் பக்கம் வந்ததும் பேச்சு நின்றது. சந்தையில் இப்படிப் பேச்சு நின்றால், நிற்கிற மாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அர்த்தம். என்ன சொன்னார் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். அதற்குப் பிறகு அவள் கொடுத்த கஞ்சியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடித்தேன்.

டாக்டர் என்னிடம் நேராகவே சொன்னார். இது ஸ்ட்ரோக் (மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தோ உடைந்தோ வருகிற வாதம்). ரத்த அழுத்தம் பல வருடமாகக் கூடியிருந்திருக்கும், எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும் என்றார். மூளையின் இடது பக்கத்தில் அடிபட்டிருக்கிறது, அதனால்தான் வலது கையும் காலும் விழுந்துவிட்டன என்றார். இதை நான் நம்பவில்லை. வலது காலில் அடிபட்ட மாடு வலது காலைத்தான் நொண்டும். இடது பக்கம் கெட்டால் வலது பக்கம் விழும் என்பது எந்த ஊர் நியாயம்?

உடைப்பா அடைப்பா என்று தெரிந்துகொள்ள பெங்களூர் போய் சி.டி. ஸ்கேன் (தலையைக் குறுக்கே அடுக்கடுக்காக வெட்டியதுபோல் காட்டும் எக்ஸ்ரே) எடுத்து வரச் சொன்னார். எடுக்கும் இடத்தின் பெயரையும் அவரே சொன்னார். ஒரு இடத்துக்கு ஆள் அனுப்புகிறவருக்கு அந்த இடத்திலிருந்து என்ன வரும் என்று தரகனுக்குத் தெரியாதா? ஆனாலும் போனேன். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டியிருந்தது. விரல் வருமா, வராதா?

ஏன் விரல் என்று சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு தரகர்களும் வலது கையை நீட்டி, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். துண்டுக்குள் எதிராளியின் விரல்களை எத்தனை பிடிக்கிறோமோ அதுதான் விலை. மூவாயிரம் என்றால் மூன்று விரல், இரண்டாயிரம் என்றால் இரண்டு. சுற்றி ஐம்பது பேர் நின்றாலும் விலை எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இடது கையை நீட்டினால் முடிந்தது. பீச்சாங்கையை நீட்டியவனோடு அந்தச் சந்தையில் எவனும் வியாபாரம் பேசமாட்டான். காலை இழுத்துக்கொண்டு தரகு செய்யலாம். வாய் கோணினாலும் செய்யலாம். வலது கை விரல் இல்லாமல் முடியாது.

பெங்களூரில் என்னை ஒரு பலகையில் படுக்க வைத்து, தலையை ஒரு பெரிய வளையத்துக்குள் தள்ளினார்கள். இயந்திரத்தை ஓட்டுகிறவர் "அலுகாடபேடி" (அசையாதீர்கள்) என்றார். காளை வாங்க வருகிற கர்நாடகத்துக்காரர்களோடு பேசிப் பழகியதால் எனக்குக் கன்னடம் புரியும். சொன்னவர் உடனே வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்றும் செய்யாத இயந்திரம் என்றால் அவர் ஏன் ஓடுகிறார்? அசையாமல் படுத்திருந்தது பயத்தினால்தான்.

ஒரு பெரிய உறையில் படத்தைப் போட்டுக் கொடுத்தார்கள். பஸ்ஸில் ஓசூர் தாண்டியதும் அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரே தலை பல துண்டுகளாக, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கி வைத்ததுபோல் இருந்தது. அதில் இரண்டு வில்லையில் மட்டும் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. துவரம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது. என்னைச் சாய்த்தது அவ்வளவுதானா என்று இருந்தது. அப்புறம்தான் கவனித்தேன். அந்தக் கறுப்பு இருந்தது படத்தின் வலது பக்கத்தில்.

டாக்டர் இடது பக்கம் என்றார். படம் வலது பக்கம் என்கிறது. எழுத்து நேராகத் தெரியும்படிதான் பிடித்திருந்தேன், தலைகீழாகவோ திருப்பியோ பிடிக்கவில்லை. படத்தில் என் வயதும் தப்பாக அடித்திருந்தது. அங்கே கேட்டபோது காவேரி குத்துமதிப்பாக ஒரு வயதைச் சொல்லியிருக்கிறாள், அது அப்போது எனக்குத் தெரியாது. இது வேறு யாரோ ஒருவனின் தலை என்று தீர்மானித்தேன். சந்தையில் ஒரு மாட்டைக் காட்டிவிட்டு இன்னொரு மாட்டைக் கயிற்றில் கட்டிக் கொடுப்பார்கள். அதைத்தான் இங்கேயும் செய்திருக்கிறார்கள்.

தருமபுரி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, தான் சொன்னதுதான் சரி, அடைப்புதான், இடது பக்கம்தான் என்றார். அவர் வேறென்ன சொல்வார்? மாத்திரை எழுதிக் கொடுத்தார். கையையும் காலையும் தினமும் நீட்டி மடக்கப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மாதையன் ஒருநாள் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தான். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சந்தை நிலவரம் பேசினான். பேசப் பேச அவன் கண் என் வலது கைமேலேயே இருந்தது. பல் பிடித்துப் பார்க்க வந்திருக்கிறான் என்று புரிந்தது. கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன். அவன் போனபிறகு பழத்தையெல்லாம் மாட்டுக்குப் போடச் சொன்னேன். காவேரி தானே உரித்துத் தின்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குள் தோளில் கொஞ்சம் அசைவு வந்திருந்தது. போர்வைக்குள் யாருக்கும் தெரியாமல் விரல்களை மடக்கிப் பார்ப்பேன். ஆள்காட்டி விரலை மட்டும் மடக்கச் சொன்னால் ஐந்தும் சேர்ந்து மடங்கும். மடங்கினால் விடாது. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். இதை நான் காவேரியிடம்கூடச் சொல்லவில்லை. வாயால் சொல்லிவிட்டால் அது நிலைத்துவிடும் என்று பயந்தேன்.

படம் யாருடையது என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. சேலத்தில் ஒரு மூளை நரம்பு மருத்துவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, காவேரியோடு போனேன். அவரைச் சோதிக்க ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். நம் மாட்டின் குறையை நாம் சொல்லக்கூடாது, எதிராளி கண்டுபிடிக்கிறானா என்று பார்க்க வேண்டும். அதனால் படம் என் அண்ணனுடையது என்று காவேரியைச் சொல்லச் சொன்னேன். அவர் அறைக்குள் வருவதற்கு முன்பே போய் நாற்காலியில் உட்கார்ந்து, பெரிய துண்டால் இரண்டு கையையும் மூடிக்கொண்டேன்.

அவர் படத்தை விளக்குப் பெட்டியில் செருகி நிதானமாகப் பார்த்தார். வயதானவர், அவசரமே இல்லை. பிறகு, இவருக்கு வலது கையும் வலது காலும் விழுந்திருக்கும், வாயும் கொஞ்சம் கோணியிருக்கும் என்றார்.

கறுப்பு வலது பக்கம் அல்லவா இருக்கிறது என்று கேட்டேன். படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். மல்லாந்து படுத்திருப்பவனின் கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல்தான் இந்தப் படத்தைப் பார்க்க வேண்டுமாம். அப்படி நின்றால் அவனுடைய இடது பக்கம் நமக்கு வலது பக்கமாக வரும். அது போக, மூளையிலிருந்து உடம்புக்கு உத்தரவு கொண்டுவருகிற நரம்பு இழைகள் கழுத்துக்குக் கொஞ்சம் மேலே, அடி மூளையில், ஒன்றையொன்று தாண்டி எதிர்ப் பக்கம் போய்விடுகின்றன. அதனால் இடது மூளை கெட்டால் வலது கை விழும்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு இன்னொன்று தோன்றியது. கையைத்தான் துண்டால் மூடியிருந்தேன், என் கோணல் வாயை மூடவில்லை. இவர் படத்தைப் படித்தாரா, என் மூஞ்சியைப் படித்தாரா?

அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். லேசாகச் சிரித்தார். "அண்ணன் பேர்ல நீங்களே வந்திருக்கீங்க, பரவாயில்ல. மூஞ்சியில தெரியாத ஒண்ணு சொல்றேன், சரியான்னு பாருங்க. கைய மடக்கினா அஞ்சு வெரலும் ஒண்ணா மடங்கும். தனியா ஒரு வெரல் வராது. புடிச்சா விடாது."

துண்டுக்குள் இடது கையால் வலது கை விரல்களைப் பொத்திக்கொண்டேன். காவேரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கறுப்புப் புள்ளி இருக்கும் இடம் அப்படி என்றார். மூளையின் மேல்பரப்பு முழுவதிலிருந்தும் வருகிற இழைகள் அங்கே ஒரு குறுகலான வழியில் நெருங்கி இறங்குகின்றன. மேட்டில் பரவி மேய்ந்த மந்தை ஒரே கடவு வழியாக இறங்குவதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். அங்கே சின்னதாக அடைத்தாலும் சேதம் பெரிது. பேச்சும் புத்தியும் தங்கும். தோளும் முழங்காலும் திரும்ப வரும், ஏனென்றால் அவற்றுக்கு வேறு வழியிலும் கொஞ்சம் உத்தரவு வருகிறது. விரலைத் தனித்தனியாக அசைப்பதுதான் இருப்பதிலேயே நுணுக்கமான வேலை. அதற்கு அந்த ஒரு வழியை விட்டால் பெரிதாக வேறு வழி இல்லை.

"வெரலு வருங்களா?" என்று கேட்டேன்.

"முயற்சி பண்ணுங்க. வரும்னு நான் சொன்னா அது பொய்யாயிடும்."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சொன்னதை முழுதாக நம்பினேன். நம்பியது வலித்தது. அது வேறு யாருடைய தலையாகவோ இருந்திருக்கக்கூடாதா என்று இருந்தது. திரும்பி வருகிற பஸ்ஸில் அழுதேன். காவேரி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, அன்றைக்கு வராந்தாவில் டாக்டரிடம் என்ன கேட்டாள் என்று அப்போதுதான் சொன்னாள். "இது இன்னொரு தடவ வருமான்னு கேட்டங்க. வரலாம்னாரு. அத எப்பிடிங்க உங்ககிட்ட சொல்றது?" இத்தனை மாதமும் அதை அவள் தனியாகச் சுமந்திருக்கிறாள். நான் அவள் காய்ச்சிய கஞ்சியை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த நோய் வந்தவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். படத்தில் இருக்கிற கறுப்பு மறையுமா என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். நானும் கேட்டேன். அது தழும்பு, அங்கேயே இருக்கும் என்றார்கள். பயிற்சியை விடாதீர்கள், அழுத்த மாத்திரையை விடாதீர்கள். காலையிலும் மாலையிலும் காவேரி என் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி விடுவாள். ஸ்பாஸ்டிசிட்டி (தசை தானாகவே விறைத்து இறுகிக்கொள்வது) வந்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பாள். கால் நன்றாகவே வந்தது. முழங்கை வந்தது. கையைத் தலைக்குமேல் தூக்க முடிந்தது. விரல் மட்டும் அந்தச் சேலத்துக்காரர் சொன்னபடியே நின்றது.

அடுத்த அறுவடை முடிந்து சந்தை களைகட்டிய நேரத்தில், கோலை ஊன்றிக்கொண்டு போனேன். வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. பழக்கமான ஒருவர் ஒரு ஜோடி எருதுக்கு என்னைப் பேசச் சொன்னார். எதிர்த் தரகன் வெளியூர்க்காரன். துண்டைப் போட்டுக் கையை நீட்டினேன். மூன்று விரல் பிடிக்க நினைத்தேன். என் கை அவனுடைய ஐந்து விரலையும் அள்ளிப் பிடித்தது. அவன் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுக் கையை உருவப் பார்த்தான். என் கை விடவில்லை. துண்டு கீழே விழ, இரண்டு பேரும் சந்தை நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு இழுத்தோம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஐந்து சொல்லிவிட்டு மூன்று என்கிறான், ஏமாற்றுக்காரன் என்று அவன் கத்தினான். என்னை எருது வாங்கச் சொன்னவர் மெல்ல வேறு தரகனிடம் நகர்ந்தார்.

என் சொந்தக் கையே பொய் சொல்லிவிட்டது. எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டிருக்கிறேன், அதை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

விலையை வாயால் சொல்லிப் பார்த்தேன். சத்தமாகச் சொல்கிற விலையை எவனும் உண்மை விலையாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கூட்டத்துக்குச் சொல்கிற விலை, உள்விலை வேறே இருக்கும் என்று நினைத்தார்கள். அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அடுத்தடுத்த சந்தைகளில் புளியமரத்தடியில் வெறுமனே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒருநாள் மாதையன் ஒரு கறவை மாட்டை ஓட்டிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றான். பின்னாலேயே எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வந்தார். அந்த மாட்டை அவருக்கு நான் பேசித்தர வேண்டுமாம். எழுந்து மாட்டைச் சுற்றி வந்தேன். மடியைப் பார்த்தேன். பல்லை இடது கையால் பார்த்தேன், நேரம் பிடித்தது. நல்ல மாடுதான். இவ்வளவு நல்ல மாட்டை எதற்கு என்னிடம் கொண்டுவந்திருக்கிறான் என்று யோசித்தேன். என்னை வைத்து இன்னொரு தடவை ஊரைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறானோ?

மாதையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். என் வலது கையை நான் நீட்டவில்லை. அவன் அதைக் கேட்கவும் இல்லை. என் இடது கைமேல் துண்டைப் போட்டான். உள்ளே அவன் கை வந்து என் கையைத் தொட்டது. ஏதோ திருப்பிப் போட்டதுபோல் இருந்தது. நான் துண்டைத் தூக்கிப் பார்த்தேன். அவன் நீட்டியிருந்ததும் இடது கை.

சுற்றி நின்றவர்களில் ஒருவர் முகம் சுளித்தார். "நீங்களும் பீச்சாங்கையவா?" என்று மாதையனைக் கேட்டார். மாதையன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாத்துட்டீங்களாண்ணா? துண்ட மூடுங்க. வெலையச் சொல்லுங்க."

இதில் அவனுக்கு என்ன லாபம் என்று எனக்குப் புரியவில்லை. இரக்கப்படுகிறானோ என்று நினைத்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் துண்டை மூடினேன். என் இடது கை விரல்கள் ஊனமில்லாதவைதான், ஆனால் அந்தப் பாஷை தெரியாதவை. எந்த விரலைப் பிடிப்பது என்று ஒவ்வொரு தடவையும் நான் யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது. முன்பெல்லாம் நினைப்பதும் பிடிப்பதும் ஒன்றாக நடக்கும். இப்போது நடுவில் ஒரு இடைவெளி. வலது கையிடம் ஒன்றைச் செய்யச் சொல்லிவிட்டுக் காத்திருந்து பழகிவிட்ட இடைவெளிதான் அது. முன்பு கண் இமைப்பதற்குள் முடிகிற பேரத்தில், அன்று அந்த இடைவெளிக்குள்ளே உட்கார்ந்து என்னால் மூச்சுவிட முடிந்தது. மாதையன் கையை எடுக்காமல் நின்றான்.

இரண்டு விரல் பிடித்தேன். அவன் நான்கு பிடித்தான். நான் இரண்டையே மறுபடி பிடித்து, மூன்றாவது விரலைப் பாதியில் தொட்டேன். அவன் என் நான்காவது விரலை நெரித்தான். வியர்த்துவிட்டது. வெயில் மரத்தைத் தாண்டிப் போய்விட்டது, ஊர்க்காரர் இரண்டு தடவை பீடி பற்ற வைத்துவிட்டார். அந்த மாட்டுக்கு மூன்றுக்குமேல் கொடுக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனாலும் அவன் இறங்கவில்லை. வாதம் வந்தவன், பழைய ஆள், பாவம் என்று ஒரு விரல் நுனிகூட விட்டுக்கொடுக்கவில்லை. என்னை ஏமாற்றவே முழு மூச்சாக முயன்றான்.

அப்போதுதான் எனக்கு அவன்மேல் நம்பிக்கை வந்தது. மூன்று விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.